போனில் கணக்குப் போட்டது யார்?

பாபு,

நீ சென்னைக்குப் பஸ் ஏறி இன்றோடு நான்கு நாள் ஆகிறது. அதற்குள் போனில் பத்துத் தடவையாவது பேசியிருப்போம். மெஸ் சாப்பாடு, ரூமில் வரும் தண்ணீர், பக்கத்துக் கட்டில்காரன் விடும் குறட்டை என்று எல்லாவற்றையும் அலசிவிட்டோம். நேற்று நீ கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "எம்மா, திங்கக்கெழம தெள்ளார் பக்கம் ஒரு ஸ்கூலுக்கு அனுப்புறாங்கம்மா. பசங்க போன்ல கணக்குப் படிக்கிறத பாத்து ரிப்போர்ட் எழுதணும். மொதல்ல நான் இன்னாத்த பாக்கணும்?" என்று கேட்டாய். "பசங்க மூஞ்சப் பாருடா" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. முப்பத்தைந்து வருடமாகக் கணக்குப் பாடம் நடத்துகிற எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் இல்லை. சொல்ல ஆரம்பித்தால் நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும், அதனால்தான் நழுவினேன்.

போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து கிண்டல் செய்வாய், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், கோபத்தில் பாதியை முழுங்கிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். உன் அப்பா எதிரில் உட்கார்ந்துகொண்டு, "இன்னா டீச்சர், புள்ளைக்கு லீவ் லெட்டரா?" என்கிறார். நீ சேர்ந்திருப்பது செயலி செய்கிற இடமும் இல்லை, விற்கிற இடமும் இல்லை, எந்தச் செயலி பிள்ளைகளுக்கு உண்மையாகவே சொல்லிக்கொடுக்கிறது என்று பள்ளி பள்ளியாகப் போய்ப் பார்த்துச் சொல்கிற இடம் என்று அவருக்கு எத்தனையோ தடவை விளக்கிவிட்டேன். "அப்ப உன் புள்ள போனுக்கு மார்க் போடுறான், அவ்ளோதான?" என்று கேட்கிறார். அவ்வளவுதான். அந்த மார்க்கை எப்படிப் போடக் கூடாது என்பதற்கு உன் வீட்டிலேயே ஒரு ஆள் இருக்கிறாள் என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்த கதை உனக்குத் தெரியும். வந்த அன்று ஆரத்தி எடுக்காத குறை. தலைமையாசிரியர் சாவியைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார், ஆய்வுக்கு அதிகாரி வருவதற்குள் அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? சாக்பீஸ் தூள் படக் கூடாது என்று அதன்மேல் ஒரு பழைய பட்டுப் புடவையைப் போர்த்தி வைத்தோம். ஆரணியில் அதற்கா பஞ்சம். ஒரு வருடம் கழித்து அதிகாரி வந்தபோது புடவையை உருவி, பொத்தானை அழுத்தினால், அது ஏதோ அப்டேட் கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் டீ குடித்துவிட்டு, "நல்லா மெயின்டெய்ன் பண்றீங்க" என்று எழுதிவிட்டுப் போனார். தெள்ளாரிலும் இப்படி ஒன்று இருக்கும், போனதும் பார். புத்தம் புதிதாகப் பளபளத்தால் சந்தேகப்படு. ஓரமெல்லாம் விரல் கறையும் கீறலுமாக இருந்தால், அந்த டீச்சரோடு உட்கார்ந்து நிதானமாகப் பேசு. தலைமையாசிரியரை வைத்துக்கொண்டு மட்டும் கேட்காதே, எந்த டீச்சரும் அப்போது வாய் திறக்க மாட்டாள். மின்வெட்டு நாளில் அந்த வகுப்பு என்ன செய்கிறது என்றும் கேள், அதில் பாதி கதை தெரிந்துவிடும்.

நீ ஐந்தாவது படிக்கும்போது வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கினோமே, கூடவே கணக்கு சொல்லித்தரும் ஒரு சிடி. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடை, சரியானதைத் தட்டினால் ஒரு கிளி பறக்கும். நீ பத்தே நாளில் எல்லா நிலைகளையும் முடித்துவிட்டாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளியில் யார் காதையும் விட்டுவைக்கவில்லை. உன் பெரியம்மா வந்தபோது உன்னை உட்கார வைத்துப் போட்டுக் காட்டச் சொன்னேன். அவள் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "ஏன்டி, புள்ள கேள்வியவே படிக்கலியே" என்றாள். நீ கேள்வி முழுசாக வருவதற்கு முன்பே நான்கையும் வரிசையாகத் தட்டிக்கொண்டு போனாய், எதிலாவது ஒன்றில் கிளி பறந்துதானே ஆக வேண்டும். அன்றைக்கு உன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தேன். அந்தக் குட்டு எனக்கு விழுந்திருக்க வேண்டியது. பத்து நாள் கிளியைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர உன் விரலைப் பார்க்கவில்லை. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. போன காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு எங்கள் பள்ளிக்கு ஒரு கணக்குச் செயலி வந்தது. பிள்ளைகள் வீட்டுப் போனில் தினமும் இருபது நிமிடம் கணக்குப் போட வேண்டும், ஒரு பெண் குரல் கேள்வியைப் படித்துக் காட்டும், விடையை அமுக்கினாலும் வாயால் சொன்னாலும் எடுத்துக்கொள்ளும், தப்பானால் விளக்கிச் சொல்லும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று என் போனில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு வரும். பயிற்சி நாளன்று புதிதாக வந்த அறிவியல் டீச்சர் ரொம்பப் பாசமாக, "நீங்க உடுங்க மேடம், இதெல்லாம் உங்களுக்குப் பேஜாரு, நான் பாத்துக்கிறேன்" என்று என் போனைக் கையிலிருந்து வாங்கினாள். நல்ல பெண்தான். ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது. வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறேன், அதற்குள் இந்தச் செயலியில் இந்தப் பள்ளியிலேயே முதலாக வந்து காட்டுகிறேன் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். அந்த வீம்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

ஏழாம் வகுப்பில் தமிழரசி என்று ஒரு பெண். முள்ளிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறாள், வீட்டில் பட்டுத் தறி. வாய் ஓயாது, ஓட்டத்தில் முதல், பின்னம் என்றால் மட்டும் ஜன்னலைப் பார்ப்பாள். கணக்கில் பின்தங்கிய எட்டுப் பேருக்கு நான் காலையில் தனியாக நடத்தும் வகுப்பில் அவளும் ஒருத்தி. செயலியில் அவளுடைய கோடு முதல் இரண்டு வாரம் தரையிலேயே கிடந்தது. பிறகு மெல்ல எழுந்தது, சறுக்கியது, மறுபடி எழுந்தது. மூன்றாம் மாதம் வகுப்பிலேயே மேலே நின்றது. அவ்வளவு ஒழுங்காக ஏறும் கோட்டை நான் பார்த்ததே இல்லை. அவளைக் காலை வகுப்பிலிருந்து விடுவித்தேன். இறைவணக்கத்தில் கைதட்டச் சொன்னேன். உங்கள் ஆபீஸிலிருந்து மதிப்பீட்டுப் படிவம் வந்தபோது எல்லா வரிசையிலும் முழு மதிப்பெண் போட்டு, தமிழரசியின் கதையை ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. அந்தப் படிவத்தில் இருந்த முகவரியைப் பார்த்துத்தான் நீ வேலைக்கு விண்ணப்பமே போட்டாய்.

அரையாண்டுத் தேர்வில் தமிழரசி பின்னக் கணக்குகள் எல்லாவற்றையும் தப்பாகப் போட்டிருந்தாள். திமிர் என்றுதான் நினைத்தேன். கைதட்டல் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்து, கரும்பலகைக்குக் கூப்பிட்டு அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்று போடச் சொன்னேன். ஆறில் இரண்டு என்று அழகாக எழுதினாள். "எப்படி வந்துச்சு?" என்றேன். "மேல இருக்கறத மேல கூட்டணும், கீழ இருக்கறத கீழ கூட்டணும் டீச்சர்" என்றாள். "அப்ப போன்ல மட்டும் எப்படி எல்லாம் சரியா போட்ட?" அவள் கொஞ்சம்கூடப் பயப்படவில்லை. "போன்ல அம்மா சொல்லும் டீச்சர், நான் அமுக்குவேன்." வகுப்பே சிரித்தது.

சனிக்கிழமை நேரே முள்ளிப்பட்டுக்குப் போனேன். பிள்ளைக்குப் பதிலாகக் கணக்குப் போட்டுக் கெடுக்கும் தாயை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வர வேண்டும் என்றுதான் போனேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். அவர்கள் வீட்டு வாசலில் நின்றபோது உள்ளே செயலியின் குரல் கேட்டது. நெசவு வீட்டில் போன் தறியைவிட்டு நகராது, பாபு. வேலை கொடுக்கும் முதலாளி கலரை மாற்றுவார், டிசைன் படம் அனுப்புவார், எந்த நேரமும் கூப்பிடுவார். அதனால் போனைத் தறியின் காலிலேயே ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தார்கள். இது ஆரணியில் பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுப் போனில் போடு என்று ஐம்பது பிள்ளைகளிடம் சொன்னேனே, அந்தப் போன் வீட்டில் எங்கே இருக்கிறது என்று ஒரு பிள்ளையிடமும் கேட்கவில்லை. "மூன்றில் இரண்டும் ஆறில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு?" என்றது குரல். தறிக்குழியில் உட்கார்ந்திருந்த பெண், ஊடு நூலை ஓட்டும் நாடாவைத் தட்டுவதை நிறுத்தாமல், "ஆறுல அஞ்சு" என்றாள். போன் கைதட்டியது. தமிழரசி அங்கே இல்லவே இல்லை, தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் பதறி எழுந்தாள். "டீச்சர், பாப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க. அதுமேல தப்பு இல்ல. நான்தான் போட்டேன்." எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோயிற்று. ஆறில் ஐந்து என்று அவள் சொன்ன வேகத்துக்கு என் வகுப்பில் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். உட்கார்ந்து விசாரித்தேன். "மொதல்ல பாப்பாக்கு சொல்லிக் குடுக்கலாம்னுதான் கேட்டேன் டீச்சர். எனக்கே புரியல. நெய்துகினே கேட்டேன். கேக்க கேக்க ஒரு நாளு புரிஞ்சிட்ச்சு. அப்புறம் உட மனசு வரல." நீ எதுவரைக்கும் படித்தாய் என்று கேட்டேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "உங்ககிட்டதான் டீச்சர் படிச்சேன். எட்டாவது. செல்வி. மூணாவது பெஞ்ச்."

எனக்கு நினைவு வரவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு எல்லாம் புருஷனைத்தான் அனுப்புவாளாம், என் எதிரில் வர வெட்கமாம். "எட்டாவது முடிச்சியா?" என்றேன். "இல்ல டீச்சர். பின்னம் போட பலகைக்குக் கூப்ட்டீங்க. தப்பா போட்டேன். இன்னொரு தபாவும் தப்பு. 'உனக்கெல்லாம் இது ஜென்மத்துக்கும் ஏறாது, போய் ஒக்காரு'ன்னீங்க. கணக்குப் பரீட்ச அன்னிக்கு வயித்த வலிக்குதுன்னு படுத்துகினேன். அப்புறம் வரவேயில்ல." இதைக் குறையாகச் சொல்லவில்லை, பாபு. நேற்று மழை பெய்தது என்பதுபோலச் சொன்னாள். போனைக் காட்டி, "இந்தப் பொண்ணுக்குக் கோவமே வராதா டீச்சர்? ஒரே கணக்க நாப்பது தபா தப்பா போட்டேன். நாப்பது தபாவும், பரவாயில்ல, மறுபடி பாக்கலாம்ங்குது" என்றாள். "அது மிஷின் செல்வி, அதுக்குக் கோவப்படத் தெரியாது" என்றேன். "அதான் டீச்சர் நல்லாகீது" என்றாள்.

அவள் கொடுத்த டீயைக் குடித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பஸ்ஸில் வரும்போது அழுதேன். நெசவு வீட்டுப் பிள்ளைகள் பாதியில் நின்றால் தறிதான் இழுத்துக்கொண்டது என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன், நீயே கேட்டிருக்கிறாய். செல்வி நின்றபோதும் அதைத்தான் சொல்லியிருப்பேன். தறி அவளை இழுக்கவில்லை. நான் தள்ளினேன். தள்ளியது நினைவில்கூட இல்லை, அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. அப்புறம் வீட்டுக்கு வந்து, மூன்று மாதமாக நான் பார்த்துப் பூரித்த அந்தக் கோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அது பொய் சொல்லவே இல்லை. ஒருத்தர் தரையிலிருந்து ஆரம்பித்து, நாற்பது தடவை விழுந்து, நிஜமாகவே பின்னம் கற்றுக்கொண்டிருக்கிறார். ஆளைத்தான் நான் பார்க்கவில்லை. அந்தக் கோட்டை நம்பி, சொல்லிக்கொடுக்க வேண்டிய பிள்ளையைக் காலை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பினேன்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, இப்போது நல்ல செய்திக்கு வருகிறேன். தமிழரசி அடுத்த திங்கட்கிழமையே காலை வகுப்புக்குத் திரும்பிவிட்டாள். முதல் வாரம் ஒருநாள் அதே கணக்கை மூன்றாவது தடவையும் தப்பாகப் போட்டாள். எனக்கு அந்தப் பழைய வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவாயில்ல, மறுபடி பாக்கலாம்" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்க அந்த ஆப் மாதிரியே பேசுறீங்க" என்றாள். இந்த வயதில் எனக்குக் கிடைத்த பெரிய சான்றிதழ் அது. ஒரு மாதமாக அவள் அரையும் காலும் சேர்த்து முக்கால் என்று சரியாகச் சொல்கிறாள், எப்படி என்றும் சொல்கிறாள். செல்விக்கு எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுத முடியுமா என்று தெரிய வேண்டுமாம். முடியும் என்று விசாரித்துச் சொல்லிவிட்டேன். செயலி மாணவர் எண் இல்லாதவரை உள்ளே விடுவதில்லை. அதனால் என் எண்ணில் ஒரு இடம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். உங்கள் ஆபீஸில் அதைத் தப்பு என்று சொன்னால் என்னிடம் அனுப்பு, பேசிக்கொள்கிறேன்.

இனி உன் விஷயம். இன்டர்வியூ முடிந்து வந்த அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாய்: "எம்மா, உன் தமிழரசி கதையத்தான் சொன்னேன். மூணு பேரும் பேனாவ எடுத்து எழுதிகினாங்க." நான் முள்ளிப்பட்டுக்குப் போய்வந்து அப்போது நான்கு நாள் ஆகியிருந்தது. உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் வரவில்லை. வேலை உறுதியாகட்டும் என்று இருந்தேன், உறுதியானதும் ஊருக்குப் போகட்டும் என்று இருந்தேன். நீ நல்ல மனதோடு சொன்ன கதையைப் பொய்யாக்கி உன் கையில் கொடுத்து அனுப்பியது உன் அம்மா. திங்கட்கிழமை தெள்ளாருக்குக் கிளம்பும் முன் உன் மேலதிகாரியிடம் நடந்ததை நீயே சொல்லிவிடு. வேலைக்கு ஏதாவது ஆகுமோ என்று எனக்கும் உள்ளே உதறல்தான். ஆனால் அந்தக் கதையை நம்பி இன்னும் பத்துப் பள்ளியில் பத்துத் தமிழரசிகளைக் காலை வகுப்பிலிருந்து எழுப்பி அனுப்பினால், அதை என்னால் தாங்க முடியாது. நீ கேட்ட கேள்விக்கும் இதுதான் பதில். திரையைக் கடைசியில் பார். முதலில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, போட்ட கணக்கை எப்படிப் போட்டாய் என்று ஒரு பிள்ளையைச் சொல்லச் சொல். தப்பாகச் சொன்னால் அவசரப்படாதே.

நேற்று உங்கள் ஆபீஸுக்கு இரண்டாவது படிவம் ஒன்றைத் தபாலில் போட்டுவிட்டேன். முதலாவதை ரத்து செய்யும்படி எழுதி, இந்த முறை மாணவர் பெயர் செல்வி, வயது முப்பத்து நான்கு என்று போட்டிருக்கிறேன். செயலிக்கு நல்ல மதிப்பெண்தான் கொடுத்திருக்கிறேன், அது சம்பாதித்தது. மாணவர் முன்பு பின்தங்கியிருந்ததற்குக் காரணம் என்ன என்று அதில் ஒரு கேள்வி உண்டு. குடும்பச் சூழல், வருகைக் குறைவு, ஆர்வமின்மை, மற்றவை என்று நான்கு கட்டம். தமிழரசிக்கு யோசிக்காமல் குடும்பச் சூழலில் டிக் போட்டிருந்தேன். செல்விக்கு மற்றவை என்பதில் போட்டு, பக்கத்தில் இருந்த புள்ளிக்கோட்டில் 'ஆசிரியர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாளில் அது உன் மேஜைப் பக்கம் வரும். யாருடைய கையெழுத்து இது என்று யாராவது கேட்டால், எங்க அம்மாவுடையது என்று சொல்.

உன் பதில் வரும்வரை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
அம்மா